ஒரு ஃபீல்டை நீக்கச் சொன்னார்கள்: ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டுகளோடு நான் பட்ட பாடு

மின்சாதனப் பொருட்களை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆர்டர் இணையதளத்தை, முன்பு எழுதியவர் பாதியில் விட்டுப் போன பிறகு, பராமரிப்புக்காக நான் தனியாளாக ஏற்றுக்கொண்டேன். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், கோரிக்கைகளைக் கையாளும் எக்ஸ்பிரஸ், தரவுத்தளமான மோங்கோடிபி, அதோடு பேச உதவும் நூலகமான மாங்கூஸ் என்று பரவலாகப் புழங்கும் அடுக்குதான். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. என்னை அழைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு புகார். சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் கல்லூரியில் படிக்கும் மகன், பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பொருள் பட்டியலோடு சேர்ந்து வந்த ஜேசானை, அதாவது சர்வர் அனுப்பிய தரவின் எழுத்து வடிவத்தை, படித்திருக்கிறான். திரையில் விற்பனை விலை மட்டுமே தெரிந்தது; ஆனால் ஜேசானில் ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனத்தின் கொள்முதல் விலையும், "நெருக்கிக் கேட்டால் 8 சதவீதம் வரை இறங்கலாம்" என்பது போன்ற உள்குறிப்புகளும் அப்படியே இருந்தன. கடைக்காரர் அதை அச்செடுத்துக்கொண்டு நேரில் வந்து பேரம் பேசியிருக்கிறார். முதலாளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரே ஒரு கட்டம்தானேம்மா, அதைத் தூக்கிட்டா முடிஞ்சுது" என்றார் அவர். அந்த ஒரே கட்டத்தை, எங்கள் மொழியில் ஃபீல்டை, நம்பித்தான் மொத்த வேலைக்கும் ஒரு நிலையான தொகை பேசப்பட்டது. இதே போன்ற வேலை யாருக்காவது வந்தால், எதையெல்லாம் முதலிலேயே பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நிரலைத் திறந்தவுடன் எனக்கு முதல் குழப்பம். பட்டியலை அனுப்பும் ரூட்டில் (ஒரு முகவரிக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல் பகுதி), கொள்முதல் விலையை நீக்கும் டிலீட் வரி ஏற்கெனவே இருந்தது. முன்பு எழுதியவர் புகார் வந்ததும் சேர்த்திருக்கிறார் போலும். வரி இருக்கிறது, பிழை எதுவும் வரவில்லை, ஆனாலும் விலை வெளியே போய்க்கொண்டிருக்கிறது. டிலீட் திருப்பித் தரும் மதிப்பைக் கன்சோலில் அச்சிட்டுப் பார்த்தேன். ட்ரூ என்று வந்தது. அடுத்த வரியிலேயே அந்த விலையை அச்சிட்டால் அது குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தது. நள்ளிரவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கண்ணையே நம்ப முடியாத எரிச்சல்தான் மிஞ்சியது.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ஆப்ஜெக்ட் என்பது பெயர், மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு; ஒவ்வொரு ஜோடியும் ஒரு பிராப்பர்ட்டி, அதன் பெயர்தான் கீ. டிலீட் என்பது அந்த ஆப்ஜெக்டுக்குச் சொந்தமான பிராப்பர்ட்டியை மட்டுமே நீக்கும். புரோட்டோடைப் (தன்னிடம் இல்லாததை ஓர் ஆப்ஜெக்ட் தேடிப் போகும் தாய் ஆப்ஜெக்ட்) வழியாக வந்து சேரும் எதையும் அது தொடாது. அது திருப்பித் தரும் ட்ரூ என்பதற்கு "நீக்கிவிட்டேன்" என்று பொருள் இல்லை. "தடை எதுவும் இல்லை" என்பதுதான் பொருள். அந்தப் பெயரில் சொந்தப் பிராப்பர்ட்டி இல்லவே இல்லை என்றாலும் ட்ரூதான் வரும். ஸ்ட்ரிக்ட் மோடு என்ற கண்டிப்பான முறையில், நீக்கவே முடியாதபடி பூட்டப்பட்ட பிராப்பர்ட்டி மீதோ, ஃப்ரீஸ் செய்யப்பட்ட ஆப்ஜெக்ட் மீதோ டிலீட் செய்தால் டைப்எரர் என்ற பிழை எழும். அந்த மோடு இல்லாத பழைய நிரலில் சத்தமில்லாமல் ஃபால்ஸ் மட்டும் திரும்பும். மாங்கூஸ் தரும் ஆவணமோ சாதாரண ஆப்ஜெக்ட் அல்ல. நாம் ஸ்கீமாவில், அதாவது தரவின் வடிவ வரையறையில், எழுதும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது புரோட்டோடைப்பில் மதிப்பைப் படித்துத் தரும் ஒரு கெட்டரையும் மாற்றி எழுதும் ஒரு செட்டரையும் வைக்கிறது. உண்மையான மதிப்பு உள்ளே வேறோர் ஆப்ஜெக்டில் இருக்கிறது. ஆகவே நாம் டிலீட் செய்யும் இடத்தில் நீக்குவதற்கு எதுவுமே இல்லை, அதனால் பிழையும் இல்லை, பலனும் இல்லை. எதையாவது நீக்கும் முன், கையில் இருப்பது வெறும் ஆப்ஜெக்டா, அல்லது ஏதோ ஒரு நூலகம் உருவாக்கிக் கொடுத்த கிளாஸின் பிரதியா என்பதைப் பாருங்கள். அரை நிமிட வேலை அது: ஆப்ஜெக்ட் டாட் கீஸ் என்பதற்குள் அதைக் கொடுத்து அச்சிட்டால், நீங்கள் நீக்க நினைக்கும் பெயர் பட்டியலில் வருகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மூன்று புள்ளி போட்டு ஸ்பிரெட் செய்து புதிய ஆப்ஜெக்டாக்கிவிட்டு நீக்கலாமே என்று தோன்றும். மாங்கூஸ் ஆவணத்தின் மேல் அதைச் செய்தால் டாலர் குறியில் தொடங்கும் அதன் உள் விவகாரங்களும், அடிக்கோட்டில் தொடங்கும் உள் ஆப்ஜெக்டும், அதற்குள் பத்திரமாகக் கொள்முதல் விலையும் சேர்ந்து வெளியே வரும். ஒன்றை மறைக்கப் போய் ஒன்பதைக் காட்டிய கதையாகிவிடும். முறையான வழிகள் இரண்டு. ஆவணத்தை டுஆப்ஜெக்ட் என்ற முறையால் சாதாரண ஆப்ஜெக்டாக மாற்றிக்கொள்ளலாம். அல்லது படிக்க மட்டுமே தேவை என்றால் வினவலின்போதே லீன் என்று சேர்த்துச் சாதாரண ஆப்ஜெக்டாகவே வாங்கிக்கொள்ளலாம். லீன் போட்டால் விர்ச்சுவல்களும் (சேமிக்காமல் கணக்கிட்டுத் தரும் ஃபீல்டுகள்) ஸ்கீமாவில் எழுதிய கெட்டர்களும் இயல்பு மதிப்புகளும் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதற்குள்ளாகவே இன்னொரு புகார் எழுந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. முதலாளியின் லாப அறிக்கையில் சில பொருட்களுக்கு விற்ற விலை முழுவதுமே லாபம் என்று காட்டியது. தரவுத்தளத்தைப் பார்த்தால், அந்தப் பொருட்களுக்குக் கொள்முதல் விலை ஃபீல்டே இல்லை. பூஜ்ஜியமாக இல்லை, காலியாக இல்லை, அந்த ஃபீல்டே காணாமல் போயிருந்தது. நான் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் இது தெரியவந்தது என்பதால், பழி நேராக என் மேல் விழுந்தது. "நீங்க தொட்டதுக்கு அப்புறம்தான் இப்படி" என்ற ஒற்றை வாக்கியத்துக்கு எதிராக வாதம் செய்வது எவ்வளவு கடினம் என்பது, அடுத்தவர் எழுதிய நிரலை ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

துப்பு ஒரு விசித்திரமான இடத்தில் கிடைத்தது. எந்தெந்தப் பொருளுக்கு விலை தப்பிப் பிழைத்திருக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். நிறுத்தப்பட்ட மாடல் சுவிட்சுகள், யாரும் சீண்டாத பழைய ஹோல்டர்கள், மங்கிய நிறத்து ஃபேன் ரெகுலேட்டர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் விலை இருந்தது. அன்றாடம் ஓடும் சரக்குகள் அனைத்திலும் அழிந்திருந்தது. அதாவது, யாராவது திறந்து பார்த்த பொருளில் விலை அழிகிறது. பொருளின் விவரப் பக்கத்துக்கான ரூட்டைத் திறந்தால், அங்கே டிலீட்டுக்குப் பதிலாகக் கொள்முதல் விலைக்கு அன்டிஃபைண்ட், அதாவது "வரையறுக்கப்படவில்லை" என்ற மதிப்பு, கொடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டி, அதே ஆவணத்தின் மேல் சேவ் அழைக்கப்பட்டிருந்தது.

அன்டிஃபைண்ட் கொடுத்தால் வெளியே போகும் ஜேசானில் அந்த ஃபீல்டு வராது என்பது உண்மை. ஆப்ஜெக்டை ஜேசானாக்கும் ஜேசான் ஸ்ட்ரிஞ்சிஃபை, ஆப்ஜெக்டுக்குள் மதிப்பு அன்டிஃபைண்டாக உள்ள கீயை விட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு "டிலீட் வேலை செய்யவில்லை, இது செய்கிறது" என்று முன்பு எழுதியவர் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். ஆனால் மாங்கூஸைப் பொறுத்தவரை ஒரு பாதைக்கு அன்டிஃபைண்ட் கொடுத்துச் சேவ் செய்தால், தரவுத்தளத்திலிருந்தே அந்த ஃபீல்டை எடுத்துவிடு என்ற கட்டளையாக, அன்செட்டாக, அது மோங்கோவுக்குப் போகும். மறைப்பதற்காக எழுதிய வரி, ஒவ்வொரு முறை ஒரு வாடிக்கையாளர் பக்கத்தைத் திறக்கும்போதும் முதலாளியின் கணக்கை அழித்துக்கொண்டிருந்தது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அந்த வரி எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதைக் காட்டி, நான் வருவதற்கு முன்பே அழிவு தொடங்கிவிட்டது என்று நிரூபித்தேன். நிரூபித்தும் பாதிப் பயன்தான். பேக்கப்புகள் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கப்படவில்லை. அதற்கு முன்பே அழிந்த விலைகளைக் கொள்முதல் பில்களைப் பார்த்து ஓர் ஆள் எக்செலில் அடிக்க வேண்டியிருந்தது. அதை உள்ளே ஏற்றும் நிரலையும் கூலியில்லாமல் நான்தான் எழுதினேன். அந்த ஆளுக்குக் கொடுத்த கூலியும் இன்னும் சிலவும் சேர்த்து ரூ. 18,000 என் கடைசித் தவணையில் பிடித்துக்கொள்ளப்பட்டது. "யார் செஞ்சாங்கங்கறது எனக்கு முக்கியமில்லைம்மா, என் சைட்டுல நடந்தது" என்றார் முதலாளி. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. பேசிய தொகைக்கு மேல் ஏறிப்போன நேரத்தை நான் கணக்கெடுக்கவில்லை, எடுத்தால் மனம் கெடும்.

இனி மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்ப்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கீ இல்லை என்பது ஒன்று. கீ இருக்கிறது, மதிப்பு அன்டிஃபைண்ட் என்பது வேறொன்று. கீ இருக்கிறது, மதிப்பு நல், அதாவது "வேண்டுமென்றே காலி", என்பது மற்றொன்று. இரண்டாவது நிலையில் ஆப்ஜெக்ட் டாட் கீஸ் அந்தப் பெயரைக் காட்டும், இன் என்ற சோதனையும் ட்ரூ சொல்லும், ஆனால் ஜேசானாக மாறும்போது மறைந்துவிடும். மூன்றாவது, ஜேசானிலும் நல் என்றே பயணிக்கும். ஒரு பதிவைப் பகுதியளவில் திருத்தும் ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) எழுதும்போது இந்த வேறுபாடு உயிர்நாடி. 2014இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 7396, ஜேசான் மெர்ஜ் பேட்ச் என்ற முறையில், நல் வந்தால் நீக்கு, கீயே வராவிட்டால் இருப்பதை அப்படியே விடு என்று தெளிவாக வகுத்திருக்கிறது. உங்கள் ஏபிஐ எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று வாடிக்கையாளருக்கு அல்ல, உங்களுக்கே முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லீன் போட்ட பிறகு டிலீட் வேலை செய்தது. சொல்லப்போனால் அளவுக்கு மீறி வேலை செய்தது. பட்டியல் அடிக்கடி கேட்கப்படுவதால் அதைச் சிறிது நேரம் நினைவகத்தில் கேஷ் செய்து வைத்திருந்தார்கள். நிர்வாகப் பக்கமும் வாடிக்கையாளர் பக்கமும் அதே கேஷைப் பயன்படுத்தின. வாடிக்கையாளருக்காக நீக்கிய விலை, கேஷ் காலாவதியாகும் வரை நிர்வாகப் பக்கத்திலும் காணவில்லை. ஆப்ஜெக்ட் ஒரு மாறியிலிருந்து இன்னொரு மாறிக்குப் போகும்போது நகல் எடுக்கப்படுவதில்லை. இருவரும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் பிடித்திருக்கிறார்கள். ஃபங்ஷனுக்குள் வந்த ஆப்ஜெக்டின் மேல் டிலீட் எழுதும் ஒவ்வொருவரும், இதை வேறு யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல வேளையாக இதைச் சோதனைச் சர்வரிலேயே கண்டுபிடித்தேன். விலை காணாமல் போனது என்று இன்னொரு முறை முதலாளியிடமிருந்து அழைப்பு வந்திருந்தால் நான் போனை எடுத்திருக்க மாட்டேன்.

மூலத்தைத் தொடாமல் நீக்குவதற்கு ஜாவாஸ்கிரிப்டின் வரையறையான எக்மாஸ்கிரிப்டின் 2018ஆம் ஆண்டுத் தரத்திலிருந்தே வசதி இருக்கிறது. ஆப்ஜெக்டைப் பிரித்து மாறிகளில் போடும் டீஸ்ட்ரக்சரிங்கில் வேண்டாத பெயரை முதலில் எழுதி, அதன் பின் மூன்று புள்ளிகளோடு மீதி என்று ஒரு பெயர் கொடுத்தால், மீதியில் புதிய ஆப்ஜெக்ட் கிடைக்கும். மூலம் அப்படியே இருக்கும். பெயர்கள் முன்கூட்டியே தெரியாமல், ஒரு நிபந்தனையை வைத்து நீக்க வேண்டும் என்றால், என்ட்ரீஸ் மூலம் ஜோடிகளாக எடுத்து, ஃபில்ட்டர் செய்து ஃப்ரம்என்ட்ரீஸ் மூலம் மீண்டும் கட்டலாம். ஃப்ரம்என்ட்ரீஸ் 2019ஆம் ஆண்டின் தரத்தில் வந்தது. இரண்டுமே மேல்மட்ட நகல்தான் என்பதில்தான் அடுத்த சறுக்கல் காத்திருந்தது. 90 மீட்டர் ஒயர் காயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது தளத்தில் ஒரே பொருள்; அதற்குள் 1, 1.5, 2.5 சதுர மில்லிமீட்டர் என்று வகைகளின் அரே (வரிசைப் பட்டியல்) இருக்கிறது; ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கொள்முதல் விலை. மேல்மட்டத்தில் விலை போய்விட்டது, பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது, உள்ளே மூன்று விலைகளும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. அரேயை மேப் செய்து ஒவ்வொன்றிலும் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

ஆழமாக நகலெடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று ஜேசானாக்கி மீண்டும் ஆப்ஜெக்டாக்கும் பழைய வித்தையை யாராவது பரிந்துரைப்பார்கள். தேதிகள் வெறும் சரங்களாகிவிடும், மேப், செட் என்ற தொகுப்பு வகைகள் காலி ஆப்ஜெக்டாகும், பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகை இருந்தால் பிழையே எழும். நோட் 17லிருந்து ஆழமாக நகலெடுக்கும் ஸ்ட்ரக்சர்ட்குளோன் உள்ளேயே வருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆப்ஜெக்டுக்குள் ஃபங்ஷன் இருந்தால் அது மறுத்துவிடும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். அரேயின் உறுப்பை டிலீட்டால் நீக்காதீர்கள், நீளம் குறையாமல் ஓட்டை விழும். ஸ்பிளைஸோ ஃபில்ட்டரோ பயன்படுத்துங்கள். டிலீட் மெதுவானது, நோட்டுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 எஞ்சின் அந்த ஆப்ஜெக்டை அகராதி முறைக்கு மாற்றிவிடும் என்று நேர்காணல்களில் கேட்பார்கள். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் தரவுத்தளத்துக்குப் போய்வரும் ஒரு ரூட்டில் அது கணக்கில் வராது. என் பணத்தைத் தின்றது வேகம் அல்ல.

ஒயர் காயிலுக்குப் பிறகு நான் நீக்குவதையே நிறுத்திவிட்டேன். வேண்டாததை எடுப்பதற்குப் பதிலாக, வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி எடுத்து ஒரு புதிய ஆப்ஜெக்டைக் கட்டும் சிறிய ஃபங்ஷனை எழுதினேன்: வாடிக்கையாளருக்கான பொருள், வாடிக்கையாளருக்கான வகை என்று இரண்டு. நீக்கும் பட்டியலில் ஒரு பெரிய குறை இருக்கிறது: நாளை யாரோ ஸ்கீமாவில் சப்ளையரின் கைப்பேசி எண் என்று ஒரு ஃபீல்டைச் சேர்த்தால், நீக்கும் பட்டியலுக்கு அது தெரியாது, அது தானாகவே வெளியே போகும். எடுக்கும் பட்டியலில் யாராவது சேர்த்தால்தான் போகும். இணையச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் ஏபிஐ பாதுகாப்புப் பட்டியலில், 2019இல் தேவைக்கு மேல் தரவைக் காட்டுவது தனி இடமே பிடித்திருந்தது. 2023 பதிப்பில் அதையும், உள்ளே வரும் ஃபீல்டுகளைச் சோதிக்காமல் ஏற்பதையும் ஒன்றாகச் சேர்த்து மூன்றாவது இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் டைப்புகளைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட் இருந்தால் இது நடக்காது என்று நினைப்பவர்களுக்கு: டைப் என்பது ஓடும் நேரத்தில் இல்லவே இல்லை, டைப்பில் இல்லாத ஃபீல்டு ஜேசானில் சுகமாகப் பயணம் செய்யும்.

ஸ்ட்ரிஞ்சிஃபைக்கு இரண்டாவது உள்ளீடாகப் பெயர்களின் அரே கொடுத்தும் இதைச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த அரே எல்லா மட்டங்களுக்கும் பொருந்தும். வகைகள் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு அதற்குள் இருக்கும் தடிமன், விலை ஆகியவற்றைக் கொடுக்க மறந்தால், வெறும் காலி ஆப்ஜெக்டுகள்தான் வரும். மாங்கூஸ் ஸ்கீமாவில் ஒரு ஃபீல்டுக்குச் செலக்ட் ஃபால்ஸ் என்று எழுதிவிடுவது நல்ல இரண்டாம் பூட்டு, அதையும் போட்டேன். ஆனால் புதிதாக ஒரு பொருளைக் கிரியேட் செய்து, திரும்பி வந்த ஆவணத்தை அப்படியே அனுப்பினால் அந்த ஃபீல்டு அதில் இருக்கும், ஏனெனில் அது வினவலில் மட்டும்தான் வேலை செய்கிறது.

வெளியே போவது சரியான பின், உள்ளே வருவதில் ஒன்று மிச்சம் இருந்தது. நிர்வாகப் படிவத்தில் நிரப்பாத கட்டங்களை நீக்கிவிட்டு அனுப்பும் ஃபங்ஷன் ஒன்று, என்ட்ரீஸ் எடுத்து மதிப்பு உண்மையாக இருந்தால் வைத்துக்கொள் என்று மட்டும் சோதித்தது. ஜாவாஸ்கிரிப்டில் பூஜ்ஜியமும் காலிச் சரமும் ஃபால்ஸும் அந்தச் சோதனையில் தோற்றுவிடும். இருப்பு 0 என்று அடித்துச் சேமித்தால் பழைய இருப்பே நிற்கும். தள்ளுபடி 0 என்று மாற்றினால் மாறாது. விற்பனைக்கு உண்டு என்ற டிக்கை எடுத்தால் எடுபடாது. கடை ஆட்கள் இதைச் சகித்துக்கொண்டு, இருப்பு தீர்ந்தால் கணினியில் 1 என்று போட்டு வைக்கும் பழக்கத்துக்கு வந்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. இரட்டைச் சமக்குறியால் நல்லோடு ஒப்பிட்டால் நல்லும் அன்டிஃபைண்டும் மட்டுமே பிடிபடும்; நீக்க வேண்டியது அவை இரண்டைத்தான். காலிச் சரம் என்ன பொருள் தருகிறது என்பதை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; குறிப்புக் கட்டத்தில் அது "அழித்துவிடு" என்பதாக இருக்கலாம்.

இவற்றுக்குச் சோதனை எழுதும்போது ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் டுஈக்வல் என்ற ஒப்பீடு, மதிப்பு அன்டிஃபைண்டாக உள்ள பிராப்பர்ட்டிகளைக் கண்டுகொள்வதில்லை. கீ இருந்தாலும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு பச்சை காட்டும். டுஸ்ட்ரிக்ட்ஈக்வல்தான் வேறுபடுத்தும். நான் அதற்கும் மேலே போய், ஏபிஐயை நிஜமாகவே அழைத்து, வந்த ஜேசானின் கீகளை எல்லா மட்டத்திலும் எடுத்து வரிசைப்படுத்தி, எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடுகிறேன். புதிதாக ஒரு பெயர் முளைத்தால் சோதனை சிவப்பாகும்; சேர்த்தவர் காரணம் சொல்லிவிட்டுப் பட்டியலைத் திருத்த வேண்டும்.

பிடித்த பணம் இன்றுவரை வரவில்லை, அதைக் கேட்டு அலைவதையும் விட்டுவிட்டேன். இப்போது யாருடைய நிரலை ஏற்றுக்கொண்டாலும், ஒரு வரியைக்கூடத் தொடும் முன் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முக்கிய ஃபீல்டும் எத்தனை பதிவுகளில் இல்லை என்று எண்ணும் வினவலை ஓட்டி, அந்த எண்களையும், பேக்கப் எத்தனை நாளுக்கு வைக்கப்படுகிறது என்பதையும், கிட்டில் அன்றைய கடைசிப் பதிவான கமிட்டின் அடையாளத்தையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "பார்த்தேன்" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்கிறேன். தொகை பேசுவது அதற்குப் பிறகுதான். அதுவும் ஃபீல்டு கணக்கில் அல்ல, அந்த ஃபீல்டு வந்து போகும் ரூட்டுகளின் கணக்கில்.